பெயர் அடங்காத பெட்டி

என் அம்மாயி இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். வேலையிலிருந்து நின்றதும் ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு விண்ணப்பித்தார். சில வாரங்களில் விண்ணப்பம் திரும்பி வந்தது. பதிவிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றல்லவாம்.

விசாரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அம்மாயியின் பெயர் நீளமானது. ஆங்கில எழுத்தில் எழுதினால் பதினெட்டு எழுத்து வரும். கணனியில் பெயர் எழுதும் பெட்டியிலோ பதினைந்து எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. மிச்சம் மூன்று எழுத்தும் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. “கணனியில் இப்படித்தான் இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி, இரத்தினபுரிக்குப் பல தடவை பஸ் பயணம். அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போன என் அம்மாவுக்கு அந்த நாட்களின் சம்பளமும் இல்லை. கடைசியில் பணம் கிடைத்தது உண்மைதான். ஆனால் மூன்று எழுத்துக்காக ஒரு குடும்பம் எத்தனை மாதம் அலைந்தது!

அன்பான சகோதரிகளே, கணனி தானாக எந்தப் பெயரையும் வெட்டுவதில்லை. இந்தப் பெட்டிக்கு இத்தனை எழுத்துப் போதும் என்று எங்கோ ஒரு மேசையில் அமர்ந்து ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அவர் கெட்டவரல்ல, நம் பெயர்களை அறியாதவர். இன்று பலாங்கொடை, கஹவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் கணனி படிக்கப் போகிறார்கள். தட்டச்சு செய்யக் கற்பதோடு நின்றுவிடாமல், அந்தப் பெட்டிகளை அமைக்கவும் அவர்கள் கற்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

திரையில் ஒரு விண்ணப்பம்

கச்சேரியில் நாம் நிரப்பும் விண்ணப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே கணனித் திரையில் ஒரு சன்னலாக அமைத்தால் அதுதான் ‘படிவம்’. அதன்மேல் வைக்கும் பொருள்களுக்குக் ‘கட்டுப்பாடுகள்’ என்று பெயர். 1991 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட விசுவல் பேசிக் இந்த வேலையை மிகவும் எளிதாக்கியது. பெட்டியையும் பொத்தானையும் மவுசால் இழுத்துப் படிவத்தில் வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதினால் போதும். இன்று பயன்படுத்தும் விசுவல் ஸ்டூடியோ, லசாரஸ் போன்றவற்றிலும் வேலை இதே மாதிரிதான். லசாரஸ் இலவசமானது. பஸ்கால் மொழி படித்த பிள்ளைகளுக்கு அது உடனே கைவரும்.

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு வேலை உண்டு. கேள்வியை எழுதிவைப்பது லேபல். விடையைத் தட்டுவது டெக்ஸ்ட் பொக்ஸ். சிலவற்றில் ஒன்றை மட்டும் தெரிவு செய்ய ஒப்ஷன் பட்டன். பலவற்றையும் தெரிவு செய்யலாம் என்றால் செக் பொக்ஸ். தோட்டப் பிரிவுகளின் பெயர்போல நீண்ட பட்டியலென்றால் கொம்போ பொக்ஸ். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி தட்டினால் ஒரே பிரிவு நாலு விதமாகப் பதிவாகிவிடும். பட்டியலிலிருந்து எடுத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

தட்டியது சரியா என்று சேமிப்பதற்கு முன் பார்ப்பதுதான் ‘உள்ளீட்டுச் சரிபார்ப்பு’. கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே தராசைப் பார்த்துவிட்டால் பிறகு சண்டை இல்லை அல்லவா? அதுபோலத்தான். பிழையை வாசலிலேயே பிடித்தால் ஒரு நிமிட வேலை. இருபது வருடம் கழித்துப் பிடித்தால் என் அம்மாயி பட்ட பாடு.

பெயருக்கு எத்தனை எழுத்து?

‘முத்துலட்சுமி’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? ஏழு என்போம். கணனியோ பதின்மூன்று என்று எண்ணும். யுனிகோட் முறையில் ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு. ‘த்’ என்பது தகரமும் புள்ளியுமாக இரண்டு. இந்தப் பெயரில் ‘ல’ மட்டுமே ஒன்று. எனவே தமிழ்ப் பெயருக்குப் பத்து எழுத்துப் பெட்டி வைத்தால் ‘முத்துலட்சுமி’ முழுதாக உள்ளே வராது. பெயர்ப் பெட்டிக்குத் தாராளமாக இடம் விடுங்கள். கணனியில் அதற்குப் பெரிய செலவு இல்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. பெயரில் எண்கள் வரக்கூடாது என்பதற்காக ‘எழுத்துகள் மட்டும்’ என்று விதி போடுவார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் யுனிகோட்டில் அ, ம போன்றவை மட்டுமே ‘எழுத்து’ என்ற வகை. புள்ளி, கால், கொம்பு எல்லாம் ‘குறி’ என்ற வேறு வகை. எனவே எழுத்து வகையை மட்டும் ஏற்கும் சோதனை ‘அம்மா’ என்ற சொல்லையே பிழை என்று தள்ளிவிடும்! குறிகளையும், தலைப்பெழுத்துக்குப் பின்வரும் புள்ளியையும், இடைவெளியையும் அனுமதிக்க வேண்டும்.

1998 இல் வந்த விசுவல் பேசிக் 6 இன் சாதாரணப் பெட்டிகள் யுனிகோட் தமிழைக் காட்டமாட்டா. அதனால் பலர் பாமினி எழுத்துருவில் தட்டினார்கள். பார்வைக்குத் தமிழ், உள்ளே சேமிக்கப்பட்டதோ ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஒன்றும் விளங்காது. இன்று அமைப்பவர்கள் யுனிகோட்டிலேயே சேமியுங்கள்.

‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்ற விதியும் நமக்குப் பொருந்தாது. நமக்குத் தகப்பன் பெயரின் தலைப்பெழுத்து உண்டு, கலியாணத்துக்குப் பின் சிலருக்குக் கணவர் பெயரின் தலைப்பெழுத்து உண்டு. குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. கட்டாயம் என்று கேட்டால், பதிபவர் எதையாவது தட்டி அந்தப் பெட்டியைக் கடந்துபோவார். அங்கேதான் ஒரு புதுப் பெயர் பிறக்கிறது.

ஏற்கெனவே நம் பெண்கள் பலருக்குப் பெயர் ஒன்றல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, செக்ரோலில் கூப்பிடும் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் மற்றொன்று. சிங்களத்தில் நமது ழகரம் இல்லாததால் ‘பழனியம்மா’ அங்கே ‘பலனியம்மா’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னும் மாறிவிடுகிறது. ஆகவே ஒரு பெட்டி போதாது. ‘அடையாள அட்டையில் உள்ளபடி’, ‘பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி’, ‘செக்ரோலில் உள்ளபடி’ என்று மூன்று பெட்டிகள் வையுங்கள். வித்தியாசம் இருப்பது அன்றைக்கே தெரிந்துவிடும். வேலையில் இருக்கும்போதே திருத்தலாம்.

அடையாள அட்டை இலக்கம் சொல்லும் கதை

பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் 9 எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களானால் அந்த நாளோடு 500 ஐக் கூட்டியிருப்பார்கள். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 எண்கள். வருடம் நான்கு எண்களில் முழுமையாக வரும், எழுத்து இல்லை.

எனவே பிறந்த திகதி, ஆணா பெண்ணா, அடையாள அட்டை இலக்கம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று படிவமே பார்க்கலாம். ஆனால் கவனம்! இந்த முறையில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. 1975 மார்ச் 1 ஆம் திகதி நாட்காட்டிப்படி 60 ஆவது நாள். அடையாள அட்டைக் கணக்கில் அது 61, பெண்ணுக்கு 561. இதை அறியாமல் எழுதிய நிரல், லீப் அல்லாத வருடத்தில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த அத்தனை பேரையும் ‘பிழை’ என்று சொல்லும்.

10 எழுத்து மட்டும் என்று முன்பு அமைத்த பெட்டிகளில் 2016 க்குப் பின் புதிய இலக்கம் அடங்கவில்லை. ஆகவே இரண்டு வடிவத்தையும் ஏற்க வேண்டும். பழைய இலக்கத்தின் கடைசி எழுத்து ‘வீ’ என்றால் வாக்குரிமை உள்ளவர், ‘எக்ஸ்’ என்றால் அது இல்லாதவர். ‘வீ’ மட்டும் சரி என்று விதி எழுதுவது சுலபம். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டு நாட்டுக்குப் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்த நம் மக்களுக்கு அந்த ஓர் எழுத்தின் பாரம் தெரியும். அதை அறிந்த பிள்ளை ‘எக்ஸ்’ எழுத்தையும் ஏற்கும் பெட்டியைத்தான் அமைப்பாள்.

தொடாமல் விட்ட பெட்டி

திகதி தெரிவு செய்யும் கட்டுப்பாடு திறந்தவுடன் இன்றைய திகதியைக் காட்டும். பதிபவர் அதைத் தொடாமல் விட்டால் இன்று பிறந்தவராக ஒரு பாட்டி பதிவாகிவிடுவார். ஒப்ஷன் பட்டனில் ‘ஆண்’ முன்கூட்டியே தெரிவாகியிருந்தால் அவசரத்தில் பெண்களும் ஆண்களாவார்கள். இது சிறிய விஷயமல்ல. சேமலாப நிதிச் சட்டப்படி பணத்தை மீளப்பெறும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. எனவே இத்தகைய பெட்டிகளை வெறுமையாகவே வையுங்கள். பதிபவர் கேட்டு நிரப்பட்டும்.

தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள பூச்சியம் போய்விடும். கூட்டல், கழித்தல் செய்யாத எந்த இலக்கத்தையும் எழுத்தாகவே சேமிக்க வேண்டும்.

தடுப்பதா, கேட்பதா?

சரிபார்ப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று தடுப்பது, மற்றது கேட்பது. சம்பளப் பெட்டியில் எழுத்துத் தட்டினால் தடுக்கலாம். ஆனால் கொழுந்து கிலோ வழமையைவிட அதிகமென்றால் தடுக்கக்கூடாது. மழைக்குப் பின் கொழுந்து கொட்டும் நாளில் கைதேர்ந்த பெண் நிறையவே பறிப்பாள். “இது வழமையைவிட அதிகம், சரிதானா?” என்று கேட்டு, ‘ஆம்’ என்றால் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் வியர்வையை உங்கள் பெட்டி விழுங்கிவிடும். பிறந்த திகதி சரியாகத் தெரியாத முதியவரென்றால், ‘திகதி உறுதியில்லை’ என்று குறிக்க ஒரு செக் பொக்ஸ் வையுங்கள். பொய்த் திகதியை விட அது மேல்.

பிழைச் செய்தியும் மனிதர் பேசுவதுபோல இருக்கட்டும். ‘தவறான உள்ளீடு’ என்றால் யாருக்கு என்ன புரியும்? “இலக்கத்தில் 9 எண்களும் ஓர் எழுத்தும், அல்லது 12 எண்கள் இருக்க வேண்டும். நீங்கள் தட்டியது 11” என்று எழுதுங்கள். பிழை வந்ததும் தட்டிய எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். தேவையில்லாத கேள்வியையும் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல்களைக் காப்பதற்கென்று 2022 இல் நம் நாட்டில் ஒரு சட்டமே நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

உங்கள் தோட்டத்திலேயே தொடங்கலாம்

கணனி வகுப்பில் பயிற்சிக்காக ஏதோ ஒரு கம்பெனியின் படிவத்தைச் செய்யச் சொல்வார்கள். அதைச் செய்துவிட்டு, உங்கள் தோட்டத்து மாதர் சங்கத்தின் சேமிப்புப் பதிவேட்டுக்கும் ஒரு படிவம் செய்து பாருங்கள். ஏழெட்டுப் பெட்டியும் இரண்டு பொத்தானும் போதும். செய்து முடித்ததும் பதிவேட்டைப் பார்த்துவரும் அக்காவையே அமரவைத்துத் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பேசாமல் பாருங்கள். அவர் எந்தப் பெட்டியில் தயங்குகிறாரோ, அங்கேதான் திருத்த வேலை இருக்கிறது.

நகரத்துப் பிள்ளைகளுக்கு நல்ல கணனியும் நல்ல ஆசிரியரும் இருக்கலாம். ஆனால் செக்ரோல் பெயர் வேறு, அடையாள அட்டைப் பெயர் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்தைப் படித்தும் வந்த அறிவல்ல. அதைப் படிவத்துக்குள் கொண்டுவருவது உங்களால் முடியும்.

தொடங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லயத்தில் மிக நீளமான பெயர் யாருக்கு என்று விசாரியுங்கள். படிவம் தயாரானதும் அந்தப் பெயரைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.