அடி வாங்கி அடி பெறும் பானை

குயவர் ஒருவர் ஒரு கை மண்ணை எடுத்து நாலைந்து நிமிடத்தில் கலயம் வனைவதைப் பார்த்தால், பத்துக் கை மண் வைத்தால் குடம் வந்துவிடும் என்றுதான் தோன்றும். வராது. ஈர மண்ணுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. சுவர் உயர உயர மேல்பாரம் கீழே அழுத்தும். வயிறு அகல அகல ஓரம் வெளிப்பக்கம் பறக்கப் பார்க்கும். மெல்லிசாக இழுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடும். தடிமனாக விட்டால் நிற்கும். ஆனால் தூக்க ஆள் வேண்டும்.

அகலம் கூடும்போது சக்கரம் வேகம் குறைய வேண்டும். கோலால் சுற்றிவிடும் பழைய சக்கரத்தில் இது தானாகவே நடக்கிறது. மோட்டார் சக்கரக்காரர்கள் கவனம் வைத்துக் குறைக்க வேண்டும்.

பெரிதாக வனைய நம் ஊர்க் குயவர் கண்ட வழி, பானையைச் சக்கரத்திலேயே முடிக்காமல் விடுவது. வாயும் கழுத்தும் மட்டும் அங்கே திருத்தமாக முடியும். உடம்பு குட்டையாக, தடிமனாக இருக்கும். பல ஊர்களில் அடியே இருக்காது. நூலால் அறுத்து எடுக்கும்போது கீழே திறந்துகிடக்கும். நிழலில் அரைக்காய்ச்சலாகக் காய்ந்ததும் தட்டும் வேலை தொடங்கும். உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல், வெளியே மறு கையில் மரப்பலகை. ஒட்டாமலிருக்கச் சாம்பல். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட மண் நசுங்கி, மெலிந்து, பரவும். சுற்றிச் சுற்றித் தட்டத் தட்ட வயிறு பெருக்கும், அடியும் கூடி மூடும். ஒரே மூச்சில் தட்டினால் கிழிந்துவிடும். கொஞ்சம் தட்டிக் காயவிட்டு, மறுபடி தட்ட வேண்டும்.

நம் பானைகள் உருண்டை அடியோடு பிரிமணை கேட்பது இதனால்தான். மூலை இல்லாத அடியில் சூடு சீராகப் பரவுவதால் அடுப்பில் எளிதில் விரிசல் விடாது. மானாமதுரைக் கடத்தின் நாதமும் இந்தத் தட்டலில் கிடைக்கும் சீரான, இறுகிய சுவரைத்தான் நம்பியிருக்கிறது. என்னைக் கேட்டால், வேடிக்கை பார்க்க வேண்டியது சக்கரத்தை அல்ல, தட்டும் கையை.

அளவு என்பது குயவருக்குப் பழைய கவலை. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், இறந்த சோழன் கிள்ளிவளவனுக்கு ஈமத்தாழி வனையவேண்டிய குயவரைப் பார்த்து இரங்குகிறார்: அவன் புகழுக்கு ஏற்ற அளவென்றால் பூமியே சக்கரமாகவும் மலையே மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் ஆகுமா என்று.

பெரிய பானைக்கு இன்னொரு வழி ஒட்டுவது. கீழ்ப்பாதியை வனைந்து சற்று இறுகவிட்டு, விளிம்பை மட்டும் ஈரமாக வைத்து, அதன்மேல் தடித்த மண்திரியைச் சுற்றி மறுபடி சக்கரத்தில் இழுப்பார்கள். இரண்டின் ஈரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரமான பகுதி அதிகம் சுருங்கும், காய்ந்தது அவ்வளவு சுருங்காது, ஒட்டு விட்டுவிடும்.

பெரியதற்குக் காய்ச்சலும் மெதுவாகத்தான். வாய் முந்திக் காயாமல் ஈரத்துணி போடுவார்கள். தடித்த அடியில் ஈரம் மிஞ்சிய நிலையில் சூளையில் தீயை வேகமாக ஏற்றினால், நீர் ஆவியாகிப் பானையை வெடிக்கவைக்கும். அதுவும் தனியாகப் போகாது. பக்கத்தில் அடுக்கிய சட்டிகளையும் உடைத்துவிட்டுத்தான் போகும்.