மலையேறத் தடுமாறும் கார்: பழுது காயிலிலா, ஒயரிலா?

திருத்தணி முருகன் சந்நிதிக்குச் செல்ல 365 படிகள் உண்டு. வாகனங்கள் ஏறுதற்குப் பாதையும் உண்டு. சமவெளியில் குறையின்றி ஓடிவந்த பெட்ரோல் கார், அப்பாதையில் பாதித் தொலைவு ஏறியதும் குலுங்கி வலுவிழப்பதை அன்பர்கள் சிலர் கண்டிருக்கக்கூடும். நமது ஒன்றியத்தில் கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றுக்கும் இதே நிலை ஏற்பட்டது. உரிமையாளர் ஒரு பஞ்சாயத்து உறுப்பினர். பட்டறையில் ஒரே வாரத்தில் இரண்டு காயில்களை மாற்றினர். பணம் போயிற்று, பழுது போகவில்லை. முடிவில் பார்த்தால், காயிலுக்குச் செல்லும் ஒயரை எலி கடித்திருந்தது.

காயில் என்பது யாது? இரும்பு உள்ளகத்தின்மீது தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகளும் சுற்றப்பட்ட சாதனம். தடித்த கம்பியில் ஓடும் பாட்டரி மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால், மெல்லிய கம்பியில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழுகிறது. அதுவே பிளக்கில் பொறியாகப் பாய்ந்து பெட்ரோலை எரிக்கிறது. 1952ஆம் ஆண்டு சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்துப் பெட்ரோல் ஜீப்புகளில் இந்த நிறுத்தும் வேலையைப் 'பிளாட்டினம்' செய்தது. உப்புத்தாளால் அதைத் தேய்த்துவிட்டு டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். இக்காலக் கார்களில் அவ்வேலையைக் கம்ப்யூட்டர் ஏற்றுள்ளது. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உண்டு. டீசல் ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பொறியே தேவையில்லையாதலால், இங்குக் கூறுவன அவற்றுக்குப் பொருந்தா.

மேட்டில் ஏறுகையில் சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம் மிகுகிறது. அழுத்தம் மிகுந்த காற்றினூடே பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். ஆகவே, நலிந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் சமவெளியில் சமாளித்து மலையில் தோற்றுவிடுகின்றன. மலைப்பாதை ஒரு நல்ல பரிசோதகர் என்றே சொல்லலாம்.

அவ்வேளையில் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியுமானால், வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவதே நன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள புகை சுத்திகரிப்பானில் சேர்ந்து அதைக் காய்ச்சிப் பாழாக்கும். அதன் விலை காயிலின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம்.

அடுத்து, ஸ்கேனர் கொண்டு கோளாறு எண்ணைப் படிக்கச் செய்தல் வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். பி 0301 என்று காட்டினால், முதல் சிலிண்டர் சரிவர எரியவில்லை என்பது மட்டுமே பொருள். பிளக், காயில், பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர் யாவும் சந்தேகத்துக்குரியவை. பி 0351 என்று காட்டினாலோ, முதல் காயிலின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். காயில் கெட்டது என்று அந்த எண் சொல்லவில்லை. சுற்றில் காயிலும் உண்டு, ஒயரும் உண்டு, இணைப்பியும் உண்டு.

இதைப் பிரித்தறியக் காசு செலவில்லாத முறை ஒன்று இருக்கிறது. சாவியை அணைத்து, எஞ்சின் ஆறியபின், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாற்றிப் பொருத்துக. கோளாறு எண்ணை அழித்துவிட்டு வண்டியை மீண்டும் ஓட்டுக. எண் பி 0352 ஆக மாறினால் குற்றம் காயிலுடையது. பி 0351 ஆகவே நின்றால் காயில் குற்றமற்றது. ஒயரைத் தேட வேண்டும். மேற்கூறிய வேனில் இச்சோதனையை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு காயில்களின் விலை மிஞ்சியிருக்கும். எல்லாக் காயில்களுக்கும் ஒருங்கே எண் காட்டினால், அவற்றுக்குப் பொதுவாக மின்சாரம் தரும் பியூஸையும் ரிலேயையும் முதலில் பார்க்க.

ஒயரைச் சோதிக்கையில் மீட்டரை மட்டும் நம்பலாகாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்திருப்பினும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மின்சாரம் வரும் ஒயருக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே சோதனை விளக்கை இணைத்தால், அது மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து வரும் சமிக்ஞை ஒயரில் அவ்விளக்கை வைத்தல் கூடாது. கம்ப்யூட்டருக்கே கேடு விளையலாம். அந்த ஒயரின் தொடர்ச்சியை இரு முனைகளையும் கழற்றி மீட்டரால் பார்ப்பதே முறை. கம்ப்யூட்டரைக் குறை கூறுவது கடைசியிலும் கடைசி. ஜீப் காலத்து வழக்கப்படி ஒயரைக் கையில் பிடித்துப் பொறி பார்ப்பதும் வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

எலி கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது சில வாரங்களுக்கே தாங்கும். ஈயப்பற்று வைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறையிட்டு, எஞ்சின் சூடு படாதவாறு கட்டுக. நெல்லும் வேர்க்கடலையும் அடுக்கிய கொட்டகையிலேயே காரையும் நிறுத்துவது நம் ஊர்களில் வழக்கம். எலிக்கு அங்கே தீனியும் எஞ்சினின் கதகதப்பும் ஒருங்கே கிடைக்கின்றன. வண்டிக்கு வேறிடம் ஒதுக்க இயலாதவர்கள், வாரம் ஒருமுறையேனும் எஞ்சின் மூடியைத் திறந்து வைக்கோலும் எலிப் புழுக்கையும் கிடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.