சொல் எட்டாத இடத்தில் வண்ணம்

பொம்மசந்திராவில் தொழிற்சாலைகளின் முறை மாறும் மாலை வேளையில் ஓசூர்ச் சாலை ஓரமாகச் சற்றே நின்றால், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா, நம் தமிழ் ஆகிய அத்தனையும் ஒருங்கே செவியில் விழும். இங்கே குடியேறிய நம்மவர், காய்கறி வாங்கவும் வாடகை பேசவும் போதுமான கன்னடத்தைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டு விடுகின்றனர். ஆனால், உள்ளத்தில் துயரம் மண்டும்போது அதை எடுத்துரைக்க அக்கன்னடம் போதுவதில்லை. சில சமயங்களில் தாய்மொழியும் போதுவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதை அன்றாடம் உணர்கிறோம். சொல்லுக்கு அடங்காதவற்றைக் கோட்டாலும் வண்ணத்தாலும் களிமண்ணாலும் வெளியிட உதவும் முறையே கலைவழிச் சிகிச்சை. அது யாது, யாருக்குப் பயன்படும், அதன் எல்லை எது என்பவற்றை இங்கே காண்போம்.

இம்முறைக்குப் பெயர் வந்த வரலாறு சுவையானது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938-ம் ஆண்டில் காசநோய்க்கு ஆளாகி, மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரின் சானடோரியத்தில் படுத்திருந்தார். படுக்கையிலிருந்தே கண்ணிற்பட்ட பொருள்களை வரைந்தார். மனம் தேறுவதை உணர்ந்தார். பின்னர் அங்கிருந்த மற்ற நோயாளிகளுக்கும் வரையும் பழக்கத்தை ஊட்டினார். 1942-ல் இதற்குக் கலைவழிச் சிகிச்சை என்று பெயரிட்டவர் அவரே. 1945-ல் இதைப் பற்றி நூலும் எழுதினார்.

ஓவியப் பள்ளிக்கும் இச்சிகிச்சைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே படம் அழகாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, வரையத் தெரியாது என்பது தடையும் அன்று. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தாளையும் வண்ணக்கோல்களையும் முன்னே வைப்பார், வரையும்போது உடனிருப்பார், முடிந்தபின், "இதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பார். சொல்ல விருப்பமில்லையேல் வற்புறுத்தமாட்டார். உள்ளே கிடந்து உறுத்திய அச்சம் தாளில் இறங்கியதும், அது நமக்கு வெளியே உள்ள ஒரு பொருளாகிவிடுகிறது. அதைத் தள்ளி நின்று பார்க்கலாம், மாற்றலாம், மடித்தும் வைக்கலாம். சில வாரங்கள் கழித்துப் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து நோக்கவும் கூடும்.

யாருக்கு இது உதவும்? துயரத்தைச் சொல்லச் சொல் கற்றிராத குழந்தைகளுக்கு உதவும். விபத்தையோ வன்முறையையோ கண்டு, அதைப் பேச நா எழாதவர்களுக்கு உதவும். புற்றுநோய் முதலிய நெடுநோய்க்கு மருத்துவம் பெறுவோரின் கலக்கத்தைத் தணிக்கவும், பக்கவாதத்தால் பேச்சிழந்தோர், நினைவு மங்கும் முதியோர் ஆகியோர் பிறரோடு தொடர்பு கொள்ளவும் துணைபுரியக்கூடும்.

ஆயினும், இதை எல்லா நோய்க்கும் மருந்தென்று கருதலாகாது. பிரிட்டனில் மனச்சிதைவு நோயுற்ற 417 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. வழக்கமான மருத்துவத்தோடு குழுவாகக் கலைவழிச் சிகிச்சையும் பெற்றவர்கள், அது பெறாதவர்களைவிட அதிகம் தேறியதாக அதில் தெரியவில்லை. மற்றொரு பக்கம், உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்ட அறிக்கை, நோய்த்தடுப்பிலும் நோயாளர் பராமரிப்பிலும் கலைகளுக்குத் தக்க இடமுண்டு என்று கூறிற்று. இரண்டையும் சேர்த்து நோக்கின், இச்சிகிச்சை மருத்துவத்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று என்பது விளங்கும். மருந்து உண்பவர் அதை நிறுத்தலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

பொம்மசந்திராவிலிருந்து அதே ஓசூர்ச் சாலையில் நகரை நோக்கிச் சென்றால் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தை அடையலாம். பழைய மனநல மருத்துவமனையும், 1954-ல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-ல் இணைந்ததால் உருவானது அது. கலைவழிச் சிகிச்சை ஏற்றதா என்பதை இத்தகைய இடத்து மருத்துவரிடம் கேட்டறிவது நலம். நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இச்சேவை இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே தமிழில் பேசவும் வழியுண்டு.

முடிவாக ஒன்று. ஊரில் வாசல் நிறையக் கோலமிட்ட தாயார், மகனுடைய அடுக்ககத்துக்கு வந்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். பேரனின் வண்ணக்கோலால் அவர் கறுப்பு நிறத்தில் ஒரு வீட்டை வரைகிறார். உடனே, "கறுப்பு துக்கத்தின் அடையாளம்" என்று நாம் பொருள் கூற முற்படுதல் தவறு. கைக்கு எட்டியது அந்தக் கோல் ஒன்றாகவே இருந்திருக்கலாம். அல்லது அது அவர் சமைத்த அடுக்களையின் புகை படிந்த சுவராகவும் இருக்கலாம். மூலத்தை எழுதியவர் அருகிலேயே அமர்ந்திருக்க, அவரைக் கேளாமல் மொழிபெயர்ப்பவர் உண்டோ? அவர் அருகில் அமர்வோம். "இது யார் வீடு, அம்மா?" என்று கேட்போம். பிறகு, விடை வரும்வரை பொறுத்திருப்போம்.