கார்கள் இல்லாத இரண்டு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. கோலாலம்பூர், ஜாலான் ராஜா லாவுட்டில், மாநகராட்சி மன்றக் கட்டடத்துக்கு அருகே ஓர் இரவல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சைக்கிள் என் அறைத்தோழியின் அண்ணனுடையது. அவரே அதைக் காரில் ஏற்றி வந்து இறக்கிவிட்டார். கார் இல்லாத காலைக்குக் காரில் வந்து சேர்ந்தோம் என்று மூவரும் சிரித்துக்கொண்டோம்.

கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் 2014ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு இது. நகர மையத்தின் சில முக்கியச் சாலைகளைக் காலை 7 மணி முதல் 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சுற்று. நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம். நான் போனது சைக்கிள் கூட்டத்தோடு.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலை இருட்டில் கறுப்பு ரேலி சைக்கிளில் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். மதியம் திரும்பும்போது அந்தச் சைக்கிளில் பால் வாடை அடிக்கும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தாத்தாவும் போய்விட்டார். சைக்கிள் மட்டும் கொட்டகையில் நிற்கிறது.

படிவம் மூன்று வரை நானும் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போனேன். படிவம் நான்கில் நிறுத்திவிட்டேன். காரணம் தூரமோ வெயிலோ இல்லை. வெட்கம்தான். வகுப்பில் பலரை அப்பா அம்மா காரில் கொண்டுவந்து விடுவார்கள். நான் வேர்த்து நனைந்த பள்ளிச் சீருடையோடு போய் நிற்பேன். “இன்னுமா சைக்கிள்?” என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேலியாகக் கேட்டாளா, சாதாரணமாகத்தான் கேட்டாளா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. அன்றைக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் மோட்டாரில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அதனால்தான் ஜாலான் ராஜா லாவுட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் பக்கத்தில் நின்ற ஒருவரின் சைக்கிள் விலையில் எங்கள் அப்பா நல்ல மோட்டார் வாங்கிவிடுவார். எங்கள் தோட்டத்தில் சைக்கிள் என்றால் கையில் காசு இல்லை என்று பொருள். இங்கே அது நேர்மாறு! ஆனால் கூட்டம் முழுக்க அப்படி இல்லை. துருப்பிடித்த கூடை சைக்கிளில் ஒரு பாட்டி, சின்னச் சக்கரம் பொருத்திய சைக்கிளில் குழந்தைகள், பின்சீட்டில் தங்கையை ஏற்றிக்கொண்ட ஒரு மலாய்ப் பையன் என்று எல்லா வகையும் இருந்தார்கள்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். முதலில் என் காதுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பேருந்தில் எத்தனையோ முறை நெரிசலில் சிக்கி நின்றிருக்கிறேன். அந்தச் சாலைக்கு இப்படி ஓர் அமைதி உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. சங்கிலிகள் ஓடும் சத்தம், யாரோ அடிக்கும் மணி, தலைக்கு மேலே மோனோரயில் போகும் ஓசை, அவ்வளவுதான்.

அங்கேதான் என் சைக்கிள் சங்கிலி கழன்றது. நான் திகைத்துப் போய்ச் சாலை நடுவிலேயே நின்றுவிட்டேன். அது பெரிய தவறு. பின்னால் வந்தவர்கள் விலக முடியாமல் தடுமாறினார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அங்கிள் வேகத்தைக் குறைத்து, “இடது ஓரமா வாம்மா, முதல்ல ஓரமா வா” என்றார். ஓரம்கட்டியதும் ஒரு குச்சியால் சங்கிலியைப் பல்சக்கரத்தில் மாட்டி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிச் சரிசெய்தார். பிறகு என் இருக்கையைப் பார்த்தார். “சீட்டு ரொம்பக் கீழ இருக்கு. பெடல் கீழ போகும்போது கால் கிட்டத்தட்ட நேரா நீளணும். இப்படியே ஓட்டினா முட்டி வலிக்கும்” என்று உயர்த்திவிட்டார்.

மீதித் தூரம் அவர் பின்னாலேயே போனேன். கூட்டமாக ஓட்டுவதற்கென்று சில பழக்கங்கள் இருக்கின்றன. நிறுத்துவதற்கு முன் கையைக் கீழ்நோக்கிக் காட்ட வேண்டும். பள்ளம் இருந்தால் விரலால் சுட்டிக்காட்டி, “லுபாங்!” என்று குரல் கொடுக்க வேண்டும். அது ஒவ்வொருவராகக் கடைசி ஆள்வரை போய்ச் சேரும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரத்தை நுழைக்கக்கூடாது. அவர் கொஞ்சம் விலகினாலும் விழுவது நாம்தான். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, வேகத்தை முடிவுசெய்வது மிகவும் மெதுவாகப் போகிறவர் என்பது. அங்கிள் கடைசி ஆளாக வந்ததும் அதற்காகத்தான். யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

ஒன்பது மணிக்குத் தடுப்புகளை எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சாலை கார்களால் நிறைந்தது. சற்றுமுன் நாங்கள் பரவி ஓடிய இடத்தில் இப்போது ஓரமாக ஒரு சைக்கிள் போவதே கடினம். கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1974 முதல் இதைச் செய்கிறார்கள். அங்கே ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, 100 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் மூடப்படுகின்றன. நமக்கு இரண்டு மணி நேரம்தான். குறையாகச் சொல்லவில்லை; ஆனால் போதவில்லை.

அன்று மாலை அம்மாவோடு பேசும்போது தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் படிவம் இரண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அவனை உரசுவதுபோல் போவதால், அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டார். இப்போது அவன் நண்பன் ஒருவனின் மோட்டாரில் போகிறான். அந்த நண்பனுக்கு உரிமம் எடுக்கும் வயதே ஆகவில்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். லோரிக்குப் பயந்து இதில் போய் விழுந்திருக்கிறோம்.

பீட்டர் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையைப் பிறகு தேடிப் படித்தேன். ஓரிடத்தில் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் இரட்டிப்பானால், ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது அவருடைய கணக்கு. ஆள் கூடும்போது ஓட்டுநர்கள் கவனமாகிறார்கள் என்பது அவர் தரும் விளக்கம். பாதுகாப்பான சாலை என்பதால்தான் ஆள் கூடுகிறது என்று மறுத்துச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் உண்மையாகத்தான் படுகிறது.

பருவ விடுமுறையில் ஊருக்குப் போனேன். தம்பியையும் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை பள்ளி வாசல்வரை ஓட்டிப் பார்த்தோம். தனித்தனியாக இல்லை. ஒரே வரிசையாக, முன்னால் படிவம் ஐந்து படிக்கும் அண்ணன், கடைசியில் நான். எல்லார் தலையிலும் கவசம், முதுகில் பளிச்சென்ற மஞ்சள் துணி. இரண்டு லோரிகள் வந்தன. ஒன்று வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகிப் போனது. இன்னொன்று ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே போனது. கடைசிக்கு முன்னால் வந்த சின்னப் பெண் பயந்து புல்லில் இறங்கிவிட்டாள். எல்லாரும் நின்றோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிய பிறகுதான் புறப்பட்டோம்.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அஞ்சு பேரும் சேர்ந்து போறதுன்னா போகட்டும். ஒருத்தன் வரலன்னாலும் அன்னைக்கு நான் பஸ்ஸுக்குக் காசு தரேன்” என்றார். மூன்று வாரமாகப் போகிறார்கள். மழை பெய்த இரண்டு நாள்கள் பேருந்தில் போயிருக்கிறார்கள். பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா என்று தம்பியிடம் கேட்டேன். “ஆமாக்கா, அதுக்கென்ன?” என்றான். எனக்கு அந்த வயதில் இந்தப் பதில் வரவில்லை.

ஆறாவதாக ஒரு பெண் சேர விரும்புகிறாளாம். அவளிடம் சைக்கிள் இல்லை. தாத்தாவின் ரேலியைத் தம்பி எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு 28 அங்குல டயர் இரண்டு வேண்டும். பகாவ் கடைகளில் கிடைக்கிறதா என்று கேட்டுப் புலனத்தில் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.