ஆன்லைன்ல வைரம் வாங்குறீங்களா? ரிட்டர்ன் நாள் எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

"ஆன்லைன்ல வைர மோதிரம் வாங்கலாமா? பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்தானே?" இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

முதல்ல சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துல ஆன்லைன்ல வாங்கின பொருளைக் காரணமே சொல்லாம திருப்பித்தர பொதுவா 14 நாள் உரிமை உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு பொது உரிமை கிடையாது. எத்தனை நாள்னு முடிவு பண்றது கடைதான். ஆனா அந்த விதிகளை வெளிப்படையா காட்டணும்னு 2020-ல் வந்த மின்வணிக விதிகள் சொல்லுது. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

அதுல மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, நாளை எப்போதிலிருந்து எண்ணுறாங்க? ஆர்டர் போட்ட தேதியிலிருந்துன்னா, மோதிரம் செஞ்சு வர்றதுக்குள்ளயே பாதி நாள் போயிடும்.

ரெண்டு, திரும்ப வர்றது பணமா, கடை கிரெடிட்டா? 'லைஃப்டைம் எக்ஸ்சேஞ்ச்'ங்கறது ரிட்டர்ன் இல்ல. அதுல செய்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் கழிச்சுடலாம்.

மூணு, சைஸ் மாத்தினாலோ, உள்ளே பேர் பொறிச்சாலோ ரிட்டர்ன் செல்லுமா? பல இடங்களில் செல்லாது.

சரி, பார்சல் வந்தாச்சு. இப்போ அந்த நாட்களை எதுக்குப் பயன்படுத்துறது? மோதிரத்தைப் போட்டு அழகு பார்க்க மட்டும் இல்ல, கல்லைச் சோதிக்க.

சீல் உடைக்கறதை வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க. டேக்கைக் கழட்டாதீங்க. சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தோட வெப்சைட்ல போட்டு, எடை, நிறம், கிளாரிட்டி எல்லாம் பொருந்துதான்னு பாருங்க. இயற்கை வைரமா, லேப்ல வளர்த்ததான்னும் அதுல இருக்கும்.

ஆனா காகிதம் சரியா இருந்தா மட்டும் போதாது. ஜிஐஏ மாதிரி ஆய்வகம் நகையில் பதிக்காத, தனிக் கல்லைத்தான் சோதிச்சு சான்றிதழ் தருது. உங்க மோதிரத்துல இருக்கறது அதே கல்தானா? பல கற்களில் சான்றிதழ் எண்ணை விளிம்பில் லேசரால் பொறிச்சிருப்பாங்க. வெறும் கண்ணுக்குத் தெரியாது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேணும். விற்ற கடைக்குச் சம்பந்தமில்லாத ரத்தினவியல் நிபுணர்கிட்ட கொண்டு போங்க. அவர் நீள அகலத்தையும் அளந்து சான்றிதழோட ஒப்பிட்டுச் சொல்லுவார். இதை முதல் ரெண்டு மூணு நாள்லயே முடிச்சிடுங்க. திருப்பி அனுப்பவும், கடை சோதிக்கவும் நாள் வேணும்ல!

கல்லுல குறை இருந்தா கதை வேற. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் போட்டிருக்கும் காலத்துக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலமே போடலைன்னா 30 நாள். கடை இழுத்தடிச்சா 1915-க்குப் போன் பண்ணுங்க. நுகர்வோர் ஆணையத்துல, நீங்க வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கடை மும்பையில இருந்தாலும் சரி, சூரத்ல இருந்தாலும் சரி.

அதனால விலையைப் பார்க்கறப்பவே ரிட்டர்ன் பக்கத்தையும் படிங்க. சோதிக்க நாளே தராத கடைன்னா, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!