தமனியின் நெகிழ்ச்சி

இதயம் துடிக்குந்தோறும் குருதி தமனிகளுள் பாய்கின்றது. அப்பொழுது நல்ல தமனி சற்றே விரிந்து, பின்னர்ச் சுருங்குகின்றது. முதுமையாலும், குருதி அழுத்த மிகுதியாலும், நீரிழிவாலும், புகைப்பழக்கத்தாலும் அது நெகிழ்ச்சி குன்றி விறைப்படைகின்றது. இவ்விறைப்பு வலியின்றி வளர்வது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிகோலுவது. நோய் முற்றுமுன் இதனை அறிவது எங்ஙனம்?

சென்னையில் அடையாற்றை அடுத்து 1959-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள் இதற்கென 'ஆர்ட்சென்ஸ்' என்னும் கருவியை உருவாக்கினர். அதன் சிறு முனையைக் கழுத்தின் பக்கத்தில் வைத்தால், செவிக்குப் புலனாகாத மீயொலி உள்ளே செல்லும். உடலின் மென்மையான தசைகளில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் விரையும். தமனியின் முன்சுவரிலும் பின்சுவரிலும் பட்டு இரண்டு எதிரொலிகள் திரும்பும். அவற்றின் கால இடைவெளி தமனியின் அகலத்தைக் காட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வகலம் மாறும் அளவைக் குருதி அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட, விறைப்பு விளங்கும். அழுத்தம் மிக ஏறியும் விரிவு சிறிதாயின், தமனி விறைத்துள்ளது எனக் கொள்ளலாம்.

வழக்கமான மீயொலிக் கருவி உடலின் உட்புறத்தைப் படமாகக் காட்டும்; அதனைக் கையாள வல்லுநர் வேண்டும். ஆர்ட்சென்ஸோ படமின்றியே கணிக்கும். ஆதலின், பெரிய மருத்துவமனையை அணுக இயலாத எளியோர்க்கும் இச்சோதனை எட்டக்கூடும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை அன்றோ?