வண்ணம் தெளிக்கும் காற்றமுக்கியைத் தேர்ந்தெடுத்தல்

காற்றமுக்கி (கம்ப்ரசர்) என்பது காற்றை அமுக்கித் தொட்டியில் சேமிக்கும் இயந்திரம். கார்க் கதவு, பானட் முதலியவற்றுக்கு வண்ணம் தெளிக்கக் குறைந்த விலையில் இதை வாங்குவோர், குதிரைத்திறனைவிட நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளிவருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். விளம்பரத்தில் உள்ள எண் பெரும்பாலும் உள்ளிழுக்கும் காற்றின் அளவாகும். வெளிவருவது அதைவிடக் குறைவு. தெளிப்பானின் தேவைக்கு அது ஈடுகொடுக்காவிட்டால் அழுத்தம் விழுந்து வண்ணம் திட்டுத்திட்டாகப் படியும். சிறிய இயந்திரத்துக்குக் குறைந்த காற்றில் இயங்கும் தெளிப்பானே ஏற்றது.

பெரியதாழை போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. அமுக்கிய காற்று குளிரும்போது அந்த ஈரம் நீராக மாறும். அது வண்ணத்தில் கலந்தால் கொப்புளம் எழும். தொட்டியில் தங்கினால் உட்புறம் துருப்பிடித்து, நாளடைவில் தொட்டியே வெடிக்கக்கூடும். எனவே நீர்பிரிப்பானுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும்.